பதினேழு இஞ்ச் அண்ணாச்சி

ஊருக்கு ஒருவர் இவர் மாதிரி உண்டு. தூத்துக்குடியில் தேடினால் நாலு பேர் கிடைப்பார்கள். திருநெல்வேலியில் சங்கமே வைக்கலாம். ஆனால் ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்குத் தனி மவுசு. மற்றவர்களுக்கு வண்டியைப் பறக்கவிட நாலுவழிச் சாலையாவது இருக்கிறது. இவருக்கு இருப்பதோ கோயில் தெரு, புதுக்குடிக்குப் போகும் பாலம், அதைத் தாண்டினால் வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஒரு திருச்செந்தூர் ரோடு.

வண்டி 2014 மாடல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ரெண்டு கை மாறி வந்தது. 105 குதிரைத் திறன். ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் அண்ணாச்சி சொல்வார். "பின்னால மூணு பேரு நிம்மதியா உக்கார முடியல. அதத்தான் அப்படிச் சொல்லுதான்" என்று ஆச்சி உரை சொல்வாள்.

கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தொடமாட்டேன் என்பது அண்ணாச்சியின் விரதம். "சஸ்பென்ஷன்ல கை வச்சா வண்டி குணம் மாறிரும்வே" என்பார். வண்டியை ஒரு இஞ்ச் தாழ்த்தினால் தெருமுனை வேகத்தடையில் வயிறு தட்டி நிற்கும் என்பதை அவர் சொல்லமாட்டார். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கம் போக வழியில்லாததால் ஆசை மொத்தமும் சக்கரத்தில் வந்து இறங்கிவிட்டது. டயருக்கும் அதன் மேலுள்ள பாடி வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. நமக்கு அது வெறும் இடைவெளி. அவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் குறை. பதினேழு இஞ்ச் அலாய் போட்டால் அடைந்த மாதிரித் தெரியும்.

ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்தார் குமரகுருபரர் என்பார்கள். அவர் பிறந்த ஊர் இந்த ஸ்ரீவைகுண்டம். அண்ணாச்சியும் சும்மா இருக்கும்போது பேசாதவர்தான். ஆனால் அவர் வாயைத் திறக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். டீக்கடையில் டயர் என்று யாராவது முனகினால் போதும்.

"அண்ணாச்சி, டவுன்ல ஒரு செட்டு அலாய் பாத்தேன். பதினேழு. அஞ்சு ஓட்டை. உங்க போலோவுக்குச் சேருமா?"

"பொண்ணு அழகா இருக்குன்னு தாலி கட்டிர முடியுமா? பொருத்தம் பாக்கணும்லா தம்பி."

கண்ணாடி கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு ஜாதகத்தை விரிப்பார். முதல் பொருத்தம் பி.சி.டி., அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். போலோவுக்கு 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அஞ்சு போல்ட். ஸ்விஃப்டுக்கும் வட்டம் அதேதான், ஆனால் ஓட்டை நாலு. அதனால் பக்கத்து வீட்டுக்காரன் அலாயைப் பார்த்து ஏங்கிப் பிரயோசனம் இல்லை. கிரெட்டாவுக்கு அஞ்சுதான், ஆனால் வட்டம் 114.3. இரண்டாவது நடு ஓட்டை. போலோவின் ஹப் 57.1. வெளியில் விற்கும் ரிம்மோ பல வண்டிக்கும் சேரட்டும் என்று 73.1 வரை குடைந்து வரும். மிச்சத்தை ஒரு வளையம் போட்டு அடைக்காவிட்டால் எண்பதைத் தொடும்போது ஸ்டீரிங் நடுங்கும். மூன்றாவது போல்ட்டின் தலை. கம்பெனி போல்ட் உட்காரும் இடம் உருண்டை. வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டையே முறுக்கினால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்திருக்காது. டயரின் பிறந்த தேதி அதன் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. 2319 என்று நாலு எண் இருந்தால் 2019-ஆம் வருசம் இருபத்துமூணாவது வாரம். "ரோட்டுல ஓடாம கடையிலயே கெடந்தாலும் ரப்பருக்கு வயசு ஏறும்வே."

கடைசியில் வருவது ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. இங்கே குரல் தாழும். அகலம் ஆறு இஞ்ச், ஆஃப்செட் நாற்பது உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஏழரை இஞ்சில் முப்பத்தைந்து ஆஃப்செட் போட்டால் என்ன ஆகும்? மேசையில் சிந்திய டீயிலேயே கணக்குப் போடுவார். சக்கரத்தின் வெளிவிளிம்பு 24 மில்லிமீட்டர் வெளியே வரும். உள்விளிம்பு 14 மில்லிமீட்டர் ஷாக்கை நெருங்கும். வெளியே வந்தால் பாடியில் உரசும், உள்ளே போனால் ஷாக்கில் உரசும். எங்கும் உரசாவிட்டாலும் பேரிங்குக்குச் சுமை.

இதற்குள் டீ ஆறிவிடும். கேட்ட பையன் போய் ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

ரிம்மை மாட்டி, தெருவில் ஒரு சுற்று சுற்றி, "எங்கயும் தட்டல" என்று சொல்பவர்களை அண்ணாச்சி மதிப்பதில்லை. அவர் வகுத்த சோதனை நவதிருப்பதி. ஆச்சி, அத்தை, மதினி, இரண்டு பிள்ளைகள், டிக்கியில் புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் குடம். சூரியனுக்கு உள்ளூர்க் கள்ளபிரான், சந்திரனுக்கு நத்தம், புதனுக்குத் திருப்புளிங்குடி, சனிக்குப் பெருங்குளம் என்று மற்றவர்கள் கிரகவாரியாகக் கணக்கு வைத்திருக்க, இவர் ரோடுவாரியாக வைத்திருக்கிறார். இங்கே ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரம் உரசுகிறதா, அங்கே குழியில் இறங்கும்போது பின்சக்கரம் தட்டுகிறதா, இரட்டைத் திருப்பதி போகும் வழியில் அத்தை தும்மினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் இந்தப் பக்கத்துச் சாலைகளை அரித்துக்கொண்டு போனதிலிருந்து சோதனை இன்னும் கடுமையாகிவிட்டது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இவருக்கு வாய்த்திருக்கிறார். எதிரே வந்தாலே, "52-ஆவது பிரிவு ஞாபகம் இருக்கட்டும் மாப்ளே. வண்டிய இஷ்டத்துக்கு மாத்தப்படாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்பார்.

"டயர் மாத்துறது ஒரு குத்தமா மாமா? டி.வி.எஸ். ஐயங்காருக்கு எந்த ஊரு? நம்ம திருக்குறுங்குடிலா! பஸ் டயர் பஞ்சராவுதுன்னு வண்டியில காந்தத்தக் கட்டி ரோட்டுல கெடந்த ஆணிய எல்லாம் பொறுக்குனவருல்லா அவரு. டயருக்காகக் கவலைப்படுறது நம்ம மண்ணுக்கே உள்ளது."

திருட்டுப் பயம் வேறு. திருடியதில் பாதியைத் தனக்குக் கொடுத்துவந்த திருடனைக் காக்க அந்தத் திருடன் வேடத்திலேயே பெருமாள் போனார் என்பது கள்ளபிரான் கோயில் தல வரலாறு. அப்படிப்பட்ட ஊரில் சாதாரணப் போல்ட்டை நம்ப முடியுமா? சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பூட்டுப் போல்ட், அதற்குத் தனிச் சாவி, எல்லாம் வாங்கியாகிவிட்டது. பூட்டுவதற்கு அலாய்தான் இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் அண்ணாச்சியின் பாடு இருக்கிறது. கம்பெனி டயர் 185/60 ஆர்15. பக்கச்சுவர் உயரம் 111 மில்லிமீட்டர். ஆசைப்படும் 205/45 ஆர்17-இல் அது 92. பத்தொன்பது மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் காணாமல் போகும். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது ஷாக் இல்லை, இந்தப் பக்கச்சுவர். ஸ்பிரிங்கைத் தொடாமலே சஸ்பென்ஷனில் கை வைக்கும் வழி இதுதான். போதாததற்குப் பதினேழு இஞ்ச் வார்ப்பு ரிம் பெரும்பாலும் கம்பெனி ரிம்மை விடக் கனம். அந்தக் கனம் குதிப்பதை அடக்கும் வேலை அதே பழைய ஷாக்கின் தலையில் விழும். இதை ஊரில் வேறு யாரும் அறியமாட்டார்கள். அறிந்திருந்தால் அண்ணாச்சி அவர்களோடு சண்டை போட்டு ஜெயித்துப் பதினேழை மாட்டியிருப்பார். தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், இரவு பதினேழுக்கு ஆசைப்படுவதும் காலையில் பதினைந்துக்கு நியாயம் சொல்வதும் ஒரே ஆளாகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் பாளையங்கோட்டைக் கடையில் முடிவானது பதினாறு. டயர் 195/55. மொத்த உயரம் பழையதைவிட மூன்று சதவீதம் கூடுதல். "மீட்டர் நூறு காட்டுனா நெசமா நூத்தி மூணு" என்று பெருமையோடு சொன்னார். "பின்னால வந்த ஜி.டி.க்கு கம்பெனியே இந்த சைஸத்தான போட்டான் அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"பைய யோசிச்சு என் வழிக்கு வந்துட்டான்" என்றார் அண்ணாச்சி.

வண்டியை வாசலில் நிறுத்தி மதினியைக் கூப்பிட்டார். மதினி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள்.

"எதை மாத்துனிய? முன்ன இருந்த மாதிரிதான இருக்கு!"

நாலு விரல் இடைவெளி பார்வைக்கு நாலு விரலாகவேதான் இருந்தது. ஊரில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அண்ணாச்சி முகத்தில் வருத்தமே இல்லை.

"ஏளா, அதாம் சைஸு! தெரிஞ்சாத்தான் தப்பு."