ஊதா அழிவின்மை விதி

தோற்றுக்கொண்டிருக்கும் அணி இடைவேளைக்குப் பிறகு எழுந்து ஜெயித்தால் அதற்கு யார் காரணம் என்ற கேள்விக்கு, அறிஞர் உலகம் இதுவரை இரண்டே விடைகளைத் தந்திருக்கிறது: ஒன்று ஆட்டக்காரர்கள், மற்றொன்று கோச். இரண்டும் பிழை. மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார். மைதானத்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், சோபாவில். அவரைப் பற்றியதே இவ்வாய்வு. ஆய்வாளரும் அவரே என்பதால் தரவு சேகரிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

ஆய்வுப் பரப்பு: ஓர் ஆட்டம், ஒரு சோபா, ஒரு சட்டை. பரப்பு போதாது என்பார் உளர். பரப்பைக் கூட்டினால் முடிபு மாறிவிடும் அபாயம் உண்டு என்பதை அவர்கள் உணர்வதில்லை.

ஆட்டம் நடந்தது 2016 ஜனவரி 2, சனிக்கிழமை சாயங்காலம். டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில், அலமோடோம் என்னும் கூரை போட்ட அரங்கில். பெயர் அலமோ பவுல். ஒருபுறம் எங்கள் ஃபோர்ட் வொர்த்தின் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், சுருக்கமாக டிசியு. மறுபுறம் ஆரிகன் பல்கலைக்கழகம். இங்கே காலேஜ் ஃபுட்பால் என்பது காலால் உதைக்கும் ஆட்டம் அன்று. இரண்டு பக்கமும் கூர்த்த பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். டிசியுகாரர்களுக்குக் ‘கொம்புத் தவளைகள்’ என்று பெயர். அந்தப் பிராணி தவளையே அன்று, ஓணான் சாதி. பகை நெருங்கினால் கண்ணிலிருந்து ரத்தத்தைப் பீய்ச்சும். ஆரிகன்காரர்கள் ‘வாத்துகள்’. ஆக, தவளை என்று பேர்பெற்ற ஓணானுக்கும் வாத்துக்கும் நடந்த போர்.

வாத்துகளின் உடை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஃபில் நைட் ஆரிகனின் பழைய மாணவர். அந்தப் புண்ணியத்தில் அணியின் ஹெல்மெட்டும் சட்டையும் பேன்ட்டும் ஆட்டத்துக்கு ஒரு சேர்க்கையாக மாறும். தீபாவளி, பொங்கல், தங்கை கல்யாணம் மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தபோதுகூட எங்கள் வீட்டில் அத்தனை துணி எடுத்ததில்லை. பீரோ பீரோவாகச் சட்டை வைத்திருந்த அணி, எதிர்ப்பக்கத்தில் நடந்த ஒரே ஒரு சட்டை மாற்றத்தால் விழுந்தது என்பதே இவ்வாய்வின் முடிபு. இனி நிறுவுதல்.

இடைவேளைக்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வலிக்கிறது. டிசியுவின் நட்சத்திர குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ட்ரெவோன் பாய்கின் இரண்டு நாள் முன்னர் தடைசெய்யப்பட்டார். அவர் இடத்தில் இறங்கியவர் பிராம் கோல்ஹாவுசன். கல்லூரி ஆட்டத்தில் முதல் முறையாக ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறார். இடைவேளையில் கணக்கு 31-0. பூஜ்யம் எங்களுடையது.

இந்த இடத்தில் முன்னோர் ஆய்வு ஒன்றை நோக்குதல் தகும். ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளவியலாளரும் தோழர்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் எத்தனை பேர் தம் கல்லூரிச் சட்டை போட்டு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். ஜெயித்த வாரம் அதிகம். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தை விவரிக்கச் சொன்னபோது, ஜெயித்த ஆட்டத்தை ‘நாம்’ என்றும் தோற்ற ஆட்டத்தை ‘அவர்கள்’ என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. நல்ல ஆய்வு. ஒரே குறை, அதைத் தமிழில் செய்யவில்லை. ஆங்கிலத்துக்குத் தன்மைப் பன்மை ஒன்றுதான். நமக்கோ முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை தனியே உண்டு. ரசிகனின் மனத்தை அளக்க இதைவிட நுண்ணிய கருவி கிடையாது.

அன்று எங்கள் ஹாலில் பதிவானவை வருமாறு. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமனார் உடனிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் நான் சொன்னது: “இன்னிக்கு நாம விடறதா இல்ல மாமா.” ஊரிலிருந்து வந்து பத்தே நாளான, இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் எவன் என்றே தெரியாத மாமாவும் ‘நாம’வில் அடக்கம். வாத்துகள் இரண்டாவது டச்டவுன் போட்டதும்: “நாங்க எப்பவும் இவ்வளவு மோசமா ஆட மாட்டோம் மாமா.” மாமா கழற்றிவிடப்பட்டார்; குடும்ப மானம் வேலிக்குள் வந்துவிட்டது. 31-0 ஆனதும்: “இவனுங்க உருப்பட மாட்டானுங்க.” இப்போது நானும் வெளியே. நாம, நாங்க, இவனுங்க என்ற இந்த மூன்று படி இறக்கத்தைச் சியால்டினி பார்த்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.

மாமாவுக்குக் கவலையே இல்லை. “மாப்ளே, ரெண்டு நிமிஷம் ஆடறான், பத்து நிமிஷம் கூடிப் பேசறான். நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரின்னா இருக்கு?” என்றார்.

கடுப்பில் நான் ஊதாச் சட்டையைக் கழற்றினேன். டிசியுவின் நிறம் ஊதா. சட்டை பழசு, வயிற்றுப் பக்கம் கொய்யாப்பழ வடிவில் சாம்பார்க் கறை உண்டு. அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டு, பனியனோடு சமையலறைக்குப் போனேன். “எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க, அந்தப் பாத்திரத்தைக் கழுவிடுங்க” என்றாள் மனைவி. பால் அடிப்பிடித்த பாத்திரம் ஒன்று காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. கம்பி நார் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் ஹாலிலிருந்து மாமாவின் குரல்: “மாப்ளே, இங்க வாங்க. அந்தக் கோச்சு கறுப்புச் சட்டை போட்டிருந்தானா இல்லியா? இப்ப உங்க சட்டைய மாட்டிண்டு வந்திருக்கான்.”

உண்மை. டிசியுவின் தலைமைக் கோச் கேரி பேட்டர்சன் முதல் பாதி முழுவதும் கறுப்பில் நின்றவர், இடைவேளை முடிந்து ஊதாவில் வந்தார். ஊரறிந்த செய்தி. ஊரறியாத செய்தி, அதே இடைவேளையில் ஃபோர்ட் வொர்த்தில் ஓர் உடம்பிலிருந்து ஊதா இறங்கியது என்பது. இதிலிருந்து கிடைக்கும் விதி: ஊதாவை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்ற மட்டுமே இயலும். முதல் பாதியில் ஊதா தவறான இடத்தில் இருந்தது. சோபாவில் இருந்தது. அவ்வளவுதான் டிசியுவின் குறை.

சைவ சித்தாந்த நூலார் அளவை மூன்று என்பர்: காண்டல், கருதல், உரை. கோச்சின் சட்டை மாறியதும் அதன்பின் ஆட்டம் மாறியதும் காண்டல். என் சட்டையால்தான் அவர் சட்டை மாறியது என்பது கருதல். ‘உங்க சட்டைய மாட்டிண்டு வந்திருக்கான்’ என்ற மாமாவின் வாக்கு உரை. மாமனார் வாக்கை மறுக்கும் அளவை நூல் எதுவும் இல்லை.

இதற்குக் காகதாலீய நியாயத்தைக் காட்டி மறுப்பர் சிலர். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, தற்செயல் என்பார்கள். அந்த நியாயத்தை வகுத்தவர்கள் பனைமரத்தின் பக்கமிருந்தும் பழத்தின் பக்கமிருந்தும் யோசித்தார்களே ஒழிய, காக்கையை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உட்கார்ந்தது அது. காலடியில் பழம் அசைந்ததை உணர்ந்தது அது. ரசிகன் காக்கை இனம்.

இன்னொரு மறுப்பும் உண்டு, கொஞ்சம் தொந்தரவானது. முதல் பாதி முடியும் தறுவாயில் ஆரிகனின் குவாட்டர்பேக் வெர்னன் ஆடம்ஸ் தலையில் அடிபட்டு வெளியேறினார். பந்தை அவர் கைக்குத் தரும் சென்டர் மேட் ஹெகார்ட்டியும் காயத்தால் போனார். பிறகு ஆரிகனின் ஆட்டம் சக்கரம் கழன்ற வண்டியானது. இதுதான் காரணம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். இதை முற்றாகத் தள்ளிவிடாமல் குறிப்பிட்டதன் மூலம் ஆய்வாளர் தம் நடுநிலைமையை நிலைநாட்டிவிட்டபடியால் மேலே செல்கிறோம்.

இரண்டாம் பாதியில் ஆரிகன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. டிசியு ஏறிக்கொண்டே வந்தது. சிங்க் முன்னால் நின்றால் சமையலறை வாசல் வழியாகப் பாதி டிவி தெரியும். அந்தப் பாதியில்தான் எல்லாம் பார்த்தேன். வித்தியாசம் இரண்டு டச்டவுனுக்குள் வந்தபோது என் வாயிலிருந்து “நம்ம பசங்க” வந்துவிட்டது. கடைசி நிமிடத்தில் ஜேடன் ஓபர்க்ரோம் உதைத்த ஃபீல்ட் கோலில் 31-31. “நாம வந்துட்டோம் மாமா!” மாமா மறுபடி உள்ளே.

ஆனால் கை நிற்கக் கூடாது. பால் பாத்திரம் பளபளத்துவிட்டது, குக்கர் முடிந்தது, இட்லித் தட்டு முடிந்தது. அன்றைய விதிப்படி ஓவர்டைமில் ஒவ்வோர் அணிக்கும் 25 கஜக் கோட்டிலிருந்து ஒரு வாய்ப்பு. சமன் என்றால் மறுபடி. முதல் சுற்று சமன். இரண்டாவதும் சமன். அலமாரியிலிருந்து டபரா டம்ளர்களை எடுத்தேன். “கழுவி வச்சதையே கழுவறீங்களே, தண்ணி பில்லு யாரு கட்டறது?” என்றாள். விளக்கம் சொல்ல நேரமில்லை.

மூன்றாவது சுற்றில் கோல்ஹாவுசன் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு 8 கஜம் ஓடி எல்லைக்கோட்டுக்குள் விழுந்தார். ஆரிகனால் பதில் சொல்ல முடியவில்லை. 47-41.

அந்தப் பையனைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் சேர்ந்து, அங்கே சரிப்படாமல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு கல்லூரிக்குப் போய், டிசியுவுக்கு உதவித்தொகை இல்லாத ஆட்டக்காரராக வந்தவர். இந்த ஆட்டத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் அப்பா புற்றுநோயில் இறந்திருந்தார். அதுவே அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். 351 கஜத்துக்குப் பந்து எறிந்தார். என் விதியில் இவருக்கு இடமில்லை என்பது எனக்கே உறுத்துகிறது. ‘துணைக் காரணம்’ என்று சேர்த்துக்கொள்கிறேன்.

பழைய வழக்குகளும் உண்டு. 1984-இல் மயாமியிடம் 31-0 என்று பின்தங்கிய மேரிலண்ட், இடைவேளையில் ஃபிராங்க் ரைக்கை இறக்கி 42-40 என ஜெயித்தது. அதே ரைக் 1993-இல் தொழில்முறை ஆட்டத்தில் பஃபலோ அணிக்காக 35-3 என்ற குழியிலிருந்து ஏறினார். ஒரு தடவை அதிர்ஷ்டம் எனலாம், இரண்டு தடவை என்றால் அது உத்தியோகம். 2006-இல் மிச்சிகன் ஸ்டேட் 38-3 என்று கிடந்து நார்த்வெஸ்டர்னை 41-38 என வென்றது. மேல்மட்டக் கல்லூரி ஆட்டத்தில் அது சாதனை. கோச் ஜான் எல். ஸ்மித்தின் வேலை பதினொரு நாளில் போயிற்று என்பது வேறு கதை. இவ்வாட்டங்களின்போது எந்தெந்த வீட்டில் யார் யார் சட்டையைக் கழற்றினார்கள் என்ற ஆவணம் கிட்டவில்லை.

திங்கட்கிழமை ஒரு சிக்கல். சியால்டினியின்படி அன்று ஊதாச் சட்டையில்தான் ஆபீஸ் போக வேண்டும். என் விதியின்படி அதை நான் போடவே கூடாது. கடைசியில் வெள்ளைச் சட்டையில் போய், எல்லோரிடமும் நானே பேச்செடுத்து “நாம” என்றேன்.

2023 ஜனவரி 9 அன்று விதி சோதனைக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் தேசியச் சாம்பியன் இறுதி ஆட்டம், எதிரே ஜார்ஜியா. பேட்டர்சன் போய் சானி டைக்ஸ் கோச்சாக வந்திருந்தார். இடைவேளையில் 38-7. கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. காலுறையையும் கழற்றினேன். முடிவில் 65-7.

கும்பகோணத்தில் அப்போது காலை. மாமா வாட்ஸாப்பில் வந்தார்.

“மாப்ளே, சட்டையக் கழட்டினேளா?”

“கழட்டிட்டேன் மாமா.”

“சமையல்கட்டுக்குப் போனேளா?”

“போனேன்.”

“பாத்திரம்?”

“டிஷ்வாஷர் வாங்கிட்டோம் மாமா.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காக்கை கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்புறம் எப்படி மாப்ளே ஜெயிக்கும்?” என்றார்.