இருதலைக் கோச்சி

வாங்க மனே, வாங்க. அந்தக் கமராவ வாங்கில வைச்சிப்போட்டு இந்த வேப்பமர நிழலுக்குள்ள இருங்க. விடிஞ்சதில இருந்து கோச்சிப்பாதை ஓரத்தில நிண்டு மூஞ்சியெல்லாம் கருவாடாப் போச்சி. உதயதேவிக் கோச்சியப் படம் புடிச்சீங்க, சரி. மீனகயாவுக்கும் எல்லோ காத்துக்கொண்டு நிண்டீங்களாம்? அது ராவுக் கோச்சி மனே. ஒங்கட அம்மாமார் வந்து என்னத்தான் ஏசுவாங்க, கிழவன்தான் பொடியன்மாருக்குக் கோச்சிப் பைத்தியத்த ஏத்திவிட்ட எண்டு.

நீங்க மூண்டு பேரும் சண்டை புடிச்சது என்ர காதிலயும் விழுந்தது. காது மந்தம் எண்டு நான் சொல்லுறது, கடன் கேட்டு வாற ஆக்களுக்கு. நெட்டையன் "புஷ்" எண்டான், கெம்பஸ் பொடியன் "புல்" எண்டான். நான் நினைச்சன், சரி, புள்ளையள் திரும்பக் கொம்புமுறி விளையாட்டுக்கு இறங்கிட்டாங்க, வடசேரிக் கட்சியா தென்சேரிக் கட்சியா எண்டு பார்ப்பம் எண்டு. மறுகாதான் விளங்கினது, பழைய பெட்டிகளப் புதுப்பிச்சி, தள்ளவும் இழுக்கவும் ஏலுமான கோச்சியா ஆக்கி நம்மட மட்டக்களப்புப் பாதைக்கு விடவேணும் எண்ட கதை.

நல்ல கதைதான். எனக்கு விளங்கினதச் சொல்லுறன், பிழையெண்டால் கெம்பஸ் பொடியன் திருத்தட்டும். படிச்ச பொடியன், திருத்தாமல் விடவும் மாட்டான்.

கோச்சியின்ர ஒரு நுனியில என்ஜின். மற்ற நுனியில இருக்கிற பெட்டியில, ட்ரைவர் இருந்து ஓட்டுறதுக்கு ஒரு அறை. அந்த அறைக்கும் என்ஜினுக்கும் பெட்டிகளுக்குள்ளால வயர் போகும். போகக்குள்ள என்ஜின் முன்னுக்கு நிண்டு இழுக்கும். வரக்குள்ள பின்னுக்கு நிண்டு தள்ளும், ட்ரைவர் மட்டும் முன்பெட்டியில இருந்து கடிவாளம் புடிப்பார். கடைசி ஸ்டேசனில என்ஜினக் கழட்டி, பக்கத்துப் பாதையால சுத்திக் கொண்டுவந்து, மற்றப் பக்கம் கொழுவுற சோலி இல்ல. என்ஜின் கிறுகத் தேவையில்ல, மனிசன்தான் கிறுகுவான். சாப்பாட்டுப் பார்சலத் தூக்கிக்கொண்டு மேடையால நடந்து மற்றப் பக்கம் ஏறினால் சரி.

இதுக்கா மனே இவ்வளவு சத்தம்? கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போயிருக்கிறீங்கதானே. முன்னுக்கு வடம் புடிக்க ஒரு கூட்டம். பின்னுக்குச் சில்லில கட்டையக் குடுத்து நெம்ப இன்னொரு கூட்டம். முன்னுக்கு நிக்கிறவனப் படம் புடிப்பாங்க, பின்னுக்கு நெம்புறவனுக்கு முதுகுப் புடிப்புத்தான் மிச்சம்.

நான் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போன வருசம் நீலகிரி மலைக்கோச்சியிலயும் ஏறினன். 1899இல குன்னூர் வரைக்கும், 1908இல ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. மேட்டுப்பாளையத்தில இருந்து குன்னூருக்கு ஏறக்குள்ள என்ஜின் பின்னுக்குத்தான். நடுவில பல்லுவைச்ச தண்டவாளம், பெட்டிக்குப் பெட்டி பிரேக் புடிக்க ஒரு ஆள். ஏறுற மலையில கொழுக்கி கழண்டால் பெட்டிகள் உருண்டு போகாம என்ஜின் கீழ நிண்டு தாங்கும். இது தெரியாம ஒங்கட பெரியம்மா கோச்சி வெளிக்கிட்ட உடன என்ர கையப் புடிச்சிக்கொண்டு, "என்னகா இது, என்ஜின மறந்து விட்டுட்டுப் போறாங்க" எண்டு கத்தினா. பெட்டியில இருந்த முழு ஆக்களும் சிரிச்சாங்க. மலை இறங்கி வந்தும் அவ அத நம்பல்ல.

இப்ப இந்தியாக்காரன் அதில இருந்து எவ்வளவோ தூரம் போயிட்டான். 2023 டிசம்பர் 30ஆம் திகதி அயோத்தியில துவக்கிவைச்ச அம்ரித் பாரத் கோச்சிக்கு முன்னுக்கு ஒரு என்ஜின், பின்னுக்கு ஒரு என்ஜின். நடுவில 22 பெட்டி, பெட்டியெல்லாம் சென்னை பெரம்பூரில செய்தது. ரெண்டு என்ஜினையும் முன்னுக்கு இருக்கிற ஒரே ட்ரைவர்தான் ஓட்டுறார். ஏசி இல்லாத, ஏழை எளியதுகள் போற கோச்சி அது. அதுதான் எனக்குப் புடிச்சது.

நம்மட நாட்டுக்கும் இது புதுசு இல்ல மனே. கொழும்பில இருந்து பாணந்துறைப் பக்கம் ஓடுற பவர்செட்டுக்குள்ள எத்தினை ஆயிரம் பேர் நாளுக்கு நாள் போறாங்க? அதிலயும் ஒரு நுனியில என்ஜின் பெட்டி, மற்ற நுனியில ஓட்டுற அறை. ஒரு நேரம் இழுவை, ஒரு நேரம் தள்ளு. ஒருத்தனும் நோட்டீஸ் அடிக்கல்ல. ரெண்டு பஸ்ஸ முதுகோட முதுகு ஒட்டி, தண்டவாளத்துச் சில்லுப் பூட்டி, ரெயில்பஸ் எண்டு ஓடவிட்ட நாடு இது. அந்தப் பஸ் எப்பயும் பின்பக்கமாப் போனதே இல்ல, ரெண்டு பக்கமும் முன்பக்கம்தான். இருதலைப் பாம்பு கெட்டது போ.

அடுத்தது "புதுப்பிச்ச" கதை. நெட்டையன் இதுக்கு மூஞ்சியச் சுழிக்கிறான், பழசு வேணாமாம். மனே, நீ ரசிச்சுப் படம் புடிக்கிற எம்-2 என்ஜின் எந்தக் காலத்தது? 1954இல கொழும்புத் திட்டத்தில கனடாக்காரன் தரத் துவங்கினது. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா எண்டு தன்ர மாகாணங்கட பேரையும் வைச்சித் தந்தான். இண்டைக்கு நம்மட பொடியன்மார் ஒன்டாரியோவுக்குப் போறதுக்கு வீடு வாசல் விக்கிறாங்க. எங்கட காலத்தில ஒன்டாரியோவே இழுத்துக்கொண்டு வந்தது. எழுபது வருசம் தாண்டியும் அது கிடக்கு. பழசு எண்டு மூஞ்சியச் சுழிக்கிறவனுக்கு என்ர வயசும் தெரியும்தானே?

நியூசிலாந்தில இருக்கிற என்ர மருமகள்ர புருசன் ஒரு கதை சொன்னார். அங்க ஹமில்டனில இருந்து ஒக்லாந்துக்கு 2021 ஏப்ரல் 6ஆம் திகதி ஒரு கோச்சி துவக்கினாங்க, பேர் தே ஹூயா. ஹூயா எண்டது அங்க அழிஞ்சுபோன ஒரு குருவி. அந்தப் பெட்டியெல்லாம் 1970களில இங்கிலாந்தில ஓடத் துவங்கினது. அங்க ஓடித் தேஞ்ச பிறகு கப்பலேறிப் போச்சி. அந்த நாட்டுப் பாதை மூண்டரை அடி அகலம், அதுக்கு ஏத்த மாதிரி அடிச்சில்லுகள மாத்தி, ஒக்லாந்து நகரத்துக்குள்ள தள்ளி இழுக்கிற கோச்சியா ஓடினது. கரண்டுக் கோச்சி வந்த உடன ஓரம் கட்டினாங்க. மறுகா திரும்பவும் புதுப்பிச்சி, ஹமில்டனுக்கு விட்டாங்க. மூண்டு பிறவி! நம்மட ஊரில ஒரு மாப்பிள்ளைக்கு மூண்டாம் கலியாணம் பேசினால் கோயிலடியில ரெண்டு வருசம் கதைப்பாங்க. அங்க ரிப்பன் வெட்டினாங்க.

அதால பழசுல குத்தம் இல்ல. பெயின்ற் அடிச்சவனிட்ட நான் கேக்கிற கேள்வி வேற. கக்கூசுக்குத் தண்ணி வருமா? யன்னல் திறக்குமா, திறந்தால் பூட்டுமா? மணம் மாறாத பெயின்ற்றோட கோச்சி வரும், நீங்க ஓடி ஓடிப் படம் புடிப்பீங்க, மழை வந்தால் உள்ளுக்கு இருக்கிறவன் குடை புடிப்பான். படம் புடிக்கிறவனுக்கு வெளிப்பக்கம், பயணம் போறவனுக்கு உள்பக்கம். நீங்க ஒருக்கா உள்ளுக்கும் ஏறிப் பாருங்க மனே, டிக்கெட் எடுத்து.

சரி, இனி நான் பகிடி விடாம ஒண்டு கேக்கிறன். என்ஜின் பின்னுக்கு நிண்டு தள்ளக்குள்ள, முன்னுக்கு யார்?

சொல்லுறீங்க இல்ல. முன்னுக்கு ஒரு பெட்டி. என்ஜின் எழுபது தொன்னுக்கும் மேல, பெட்டி அதில பாதி கூட இருக்குமோ என்னமோ. 1984 ஜூலை 30ஆம் திகதி ஸ்கொட்லாந்தில, போல்மொண்ட் எண்ட ஊருக்குக் கிட்ட, எடின்பரோவில இருந்து கிளாஸ்கோவுக்கு இப்பிடிப்பட்ட தள்ளுக் கோச்சி ஒண்டு போனது. என்ஜின் பின்னுக்கு, ஓட்டுற பெட்டி முன்னுக்கு. வேலி உடைஞ்ச இடத்தால ஒரு மாடு பாதைக்கு வந்திட்டு. ஒரே ஒரு மாடு மனே. முன்பெட்டி அதில ஏறித் தடம் புரண்டது, பின்னுக்கு இருந்த பெட்டிகளும் சேர்ந்து போச்சி. 13 பேர் செத்தாங்க. மறுகாதான் முன்பெட்டிகளுக்குக் கீழ மாட்டத் தட்டிவிடுற இரும்புத் தடுப்புப் பூட்டினாங்க.

அது வேலி போட்ட நாடு. நம்மட பாதையில வேலி எங்க கிடக்கு? 2023 செப்டம்பரில மயிலத்தமடுவில மாடு மேய்க்க இடம் கேட்டுப் பண்ணையாளர் பந்தல் போட்டு இருந்தது இந்தச் சித்தாண்டியிலதான். மேய்ச்சல் தரைய ஆக்கள் புடிச்சால் மாடு எங்க போகும்? பாதை ஓரத்துப் புல்லுக்கு வரும். ராவையில கல்லுச் சூட்டுக்குத் தண்டவாளத்துக்கு நடுவில படுத்து அசை போடும். வாழைச்சேனை தாண்டி, புனானை, வெலிக்கந்தை எண்டு போனால் மாட்டுக்குப் பதிலா ஆனை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைப் பக்கம் நம்மட மட்டக்களப்புக் கோச்சி ஆனைக் கூட்டத்தில மோதி ஆறு ஆனை செத்தது. கோச்சியும் தடம் புரண்டது, சனத்துக்கு ஒண்டும் ஆகல்ல. முன்னுக்கு நிண்டது கனத்த என்ஜின் மனே. அந்த இடத்தில ஒரு பழைய பெட்டி, அதுக்குள்ள ஒரு ட்ரைவர், அவருக்குப் பின்னுக்கு ஒங்கட அம்மாவும் தயிர்ச்சட்டியும் எண்டு நினைச்சுப் பாருங்க.

கெம்பஸ் பொடியன் வாயத் திறக்கிறான். "அப்ப வேணாம் எண்டுறீங்களா ஐயா?" வேணாம் எண்டு நான் எங்க சொன்ன? வேணும் எண்டுதான் சொல்லுறன். ஆனா நீங்க கேக்கிற இடத்தில இல்ல.

என்ஜின் சுத்துற சோலி இல்லாட்டி எவ்வளவு நேரம் மிச்சம்? அரை மணித்தியாலம் எண்டு வைப்பம். கொழும்பில இருந்து ஏறக்குறைய 350 கிலோமீற்றர் ஓடி வாற கோச்சி, மட்டக்களப்பில வந்து மூச்சு விட்டு, அடுத்த பயணம் வரைக்கும் மணித்தியாலக் கணக்கில நிக்கிது. அதில அரை மணித்தியாலத்த மிச்சம் புடிச்சி என்ன செய்யிற? கூட அரை மணித்தியாலம் நிக்கிற. பாயில புரண்டு படுக்கிறவனுக்குப் புதுத் தலகாணி வாங்கிக் குடுத்த கதை. ஒக்லாந்தில அண்டைக்கும் பாணந்துறையில இண்டைக்கும் இந்தக் கோச்சி உதவுறது, கிட்டத்து ஊருக்குப் போய்ப் போய் வாறதால. கடைசியில நிண்டு கிறுகாம உடன திரும்பினால், ஒரு கோச்சி ரெண்டு கோச்சியின்ர வேலை செய்யும்.

அதால நான் சொல்லுறது இதுதான். கொழும்புக்குப் போற பெரிய கோச்சிய அதுட பாட்டில விடுங்க. புதுப்பிச்ச பெட்டி மூண்டு நாலு கேளுங்க. மட்டக்களப்பு, ஏறாவூர், வந்தாறுமூலை, வாழைச்சேனை எண்டு, ஆனைக்காட்டுக்குள்ள போகாம, காலையிலயும் பின்னேரத்திலயும் போய்ப் போய் வாற மாதிரி. கெம்பஸ் புள்ளையள் பஸ்ஸுக்குள்ள தொங்கிக்கொண்டு போறது எனக்கும் தெரியும். மரக்கறி, மீன், தயிர் எல்லாம் ஏத்தலாம். கடவைகளுக்குக் கேற் கேளுங்க, முன்பெட்டிக்கு மாட்டுத் தடுப்புக் கேளுங்க. நெட்டையன் படம் புடிக்கவும் நாளைக்கு எட்டுத் தரம் வரும். ராவுக் கோச்சிக்குப் பகல்ல காத்துக்கொண்டு நிக்கத் தேவையில்ல.

என்ன, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறீங்க? மனு எழுதத் தெரியாதா? படத்துக்குக் கீழ பந்தி பந்தியா எழுதத் தெரியும், ரெயில்வே திணைக்களத்துக்கு ஒரு பக்கம் எழுதத் தெரியாதோ? கெம்பஸ் பொடியன் எழுதட்டும், சிங்களத்திலயும் ஒரு பிரதி வேணும். நெட்டையன் ஸ்டேசன் ஸ்டேசனாக் கையெழுத்து வாங்கட்டும். மூண்டாமவன், நீ இன்னும் வாயே திறக்கல்ல, அதால நீதான் கொண்டுபோய்க் குடுக்க நல்ல ஆள்.

முதல் கையெழுத்து என்னது. பேனை இஞ்ச கிடக்கு. தாள் வாங்கக்குள்ள ரெண்டு வெத்திலையும் ஒரு பாக்கும் சேர்த்து வாங்கி வாங்க மனே, காசு உதயதேவி வரக்குள்ள தாறன்.