பழைய இரும்புக்கு இரண்டாம் பாகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்புக்கு நல்ல விலை உண்டு. கோடம்பாக்கத்தில் பழைய படத்தலைப்புக்கு அதைவிட நல்ல விலை. ஓடிய படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு '2' சேர்த்தால் போதும், கதாசிரியர் பேனா மூடியைத் திறப்பதற்குள் வியாபாரம் பேசி முடித்துவிடுகிறார்கள். இப்படி வந்து குவிந்த இரண்டாம் பாகங்களில் எது உசத்தி என்று வரிசைப்படுத்தும் வேலையை இதுவரை சினிமா விமர்சகர்கள் பார்த்து வந்தார்கள். அவர்களைவிட இதற்குத் தகுதியானது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடிதான் என்பது என் கட்சி. முதல் காரணம், இந்த வட்டாரம் இரண்டு மொழிப் படங்களையும் பாரபட்சமில்லாமல் பார்க்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களில் சில அதோடு நின்றுவிடாமல் சூளூர்பேட்டை வரை போகின்றன. அந்த ஊரில் 2019-ல் ஏறத்தாழ நூறடி அகலத் திரையோடு ஒரு தியேட்டர் திறந்தபிறகு, மாநில எல்லையைத் தாண்டிப் போய்ப் படம் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்புவது இங்கே பெரிய காரியமில்லை. இரண்டாவது காரணம்தான் முக்கியம். பழையதைப் புதியதாக்குவது மற்ற ஊர்களில் கலையாக இருக்கலாம். இங்கே அது மூன்று ஷிப்ட் வேலை.

சிப்காட்டின் உருக்காலைகளுக்கு லாரி லாரியாக ஸ்கிராப் வருகிறது. துருப்பிடித்த கேட், உடைந்த கட்டில், ஓட்டை டிரம், யாரோ ஓட்டி அலுத்த சைக்கிள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். மின்சார உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருக்கி, பில்லட்டாக வார்த்து, ரோலிங் மில்லில் விட்டு இழுத்தால் வீடு கட்டும் முறுக்குக் கம்பி. அந்தக் கம்பியைப் பார்த்து இது யார் வீட்டுக் கேட் என்று யாராலும் சொல்ல முடியாது. இரும்பு மட்டும் அதே இரும்பு. இன்னொரு வழியும் இருக்கிறது. துருவைத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பது. செலவு குறைவு, பளபளப்பு அதிகம், முதல் மழை வரைக்கும் தாங்கும். இரண்டாம் பாகங்களும் இந்த இரண்டே வகைதான்: உருக்கியது, பூசியது. முதல் பாகத்தில் எது நமக்குப் பிடித்ததோ அதையே உலையில் போடத் துணிந்த படம் உருக்கியது. பிடித்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கூட்டிய படம் பூசியது. பட்ஜெட் எவ்வளவு, வில்லன் எந்த நாட்டிலிருந்து வருகிறான் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இந்த அளவுகோலை வெளிநாட்டுச் சரக்கில் முதலில் வைத்துப் பார்ப்போம், அங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. 1984-ல் கொலை செய்ய வந்த டெர்மினேட்டரை 1991-ல் அதே குடும்பத்துக்குக் காவல்காரனாக்கினார் ஜேம்ஸ் கேமரூன். முதல் பாகத்தின் பயத்தையே உருக்கி இரண்டாம் பாகத்தின் பாசத்தை வார்த்தார். 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் அதைவிட ஒரு படி மேல். அப்பன் எப்படி எழுந்தான் என்பதையும் மகன் எப்படி விழுந்தான் என்பதையும் மாற்றி மாற்றிக் காட்டி, முதல் பாகத்தில் நாம் கைதட்டிய குடும்பப் பெருமையைக் கரைத்துவிட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் இரண்டாம் பாகம் அதுதான். உலகம் முழுக்க முதலிடம் அதற்கே கொடுக்கிறார்கள். நான் கொடுக்கமாட்டேன். முதலிடம் சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வுக்கு. 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' பார்த்தவர்களுக்கு அந்தக் கிராமம், நாணல் காடு, ரயில், அக்கா துர்கா எல்லாம் மனதில் ஒட்டிக்கொண்டன. நம் தயாரிப்பாளர் யாராவது இருந்திருந்தால் துர்காவுக்கு ஒரு இரட்டைச் சகோதரியைக் கண்டுபிடித்து அதே நாணல் காட்டில் ஓடவிட்டிருப்பார். ரே அடுத்த ஆண்டே கிராமத்தைக் காலிசெய்தார், காசிக்குப் போனார், பிறகு கல்கத்தாவுக்குப் போனார், படித்து முன்னேறும் பிள்ளை தாயைவிட்டு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறான் என்று காட்டினார். தாய்ப்பாசத்தில் கைவைத்தால் எந்த ஊர் ரசிகன் சும்மா இருப்பான்? வங்காளத்தில் படம் சரியாகப் போகவில்லை. 1957-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும். ஓடாத படம் எப்படி ஐயா சிறந்த படமாகும்? வசூல்தானே கணக்கு? 'பாகுபலி 2' முதல் பாகத்தை விழுங்கிவிட்டது, 'புஷ்பா 2' அதேபோல். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாம் பாகத்தின் முதல் வார வசூல் இரண்டாம் பாகம் சம்பாதித்தது அல்ல. முதல் பாகம் வேலை பார்த்ததற்கு வரவேண்டிய பாக்கிச் சம்பளம். 2015 ஜூலையிலிருந்து 2017 ஏப்ரல் வரை பாகுபலியைக் கட்டப்பா ஏன் குத்தினான் என்று கேட்டுக்கொண்டிருந்த தேசம், பதில் தெரிந்துகொள்ளத்தான் டிக்கெட் வாங்கியது. கேள்வி கேட்டது முதல் பாகம். கல்லாவில் உட்கார்ந்தது இரண்டாம் பாகம். 'புஷ்பா'வை எடுத்துக்கொண்டால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அதில் தனி உரிமையே உண்டு. முதல் பாகத்தில் செம்மரம் சென்னைக்குப் போகிறது. சேஷாசலம் காட்டிலிருந்து சென்னைக்கு வரும் சரக்கு எந்த வழியாக வந்தாலும் இந்த மாவட்டத்து மண்ணைத் தொடாமல் வருவது கஷ்டம். இங்கே செம்மரக்கட்டை பிடிபட்டால் பத்திரிகையில் உள்பக்கச் செய்தி. முதல் பாகத்தில் கூலியாக இருந்தவன் பங்கு கேட்ட கதையில் சூடு இருந்தது. இரண்டாம் பாகத்தில் அவன் ஜப்பானில் கண்டெய்னருக்குள்ளிருந்து வெளியே வருகிறான். நாம் விசில் அடிக்கிறோம், சரி. ஆனால் விசில் பெயிண்டுக்கும் அடிக்கலாம்.

ஜப்பான் என்றதும் ஞாபகம் வருகிறது, தமிழின் ஆரம்பகால இரண்டாம் பாகமும் அங்கேதான் போனது. 1979-ல் 'கல்யாணராமன்' ஓடியது. 1985 தீபாவளிக்கு 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் நடந்த எக்ஸ்போ கண்காட்சியைக் காட்டினார்கள். கதையில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றால் விமானம் ஏறு என்ற விதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. செத்துப்போன கல்யாணம் ஆவியாக ராமனோடு வருவது மட்டும் நல்ல வசதி. நாயகன் முதல் பாகத்தில் செத்துவிட்டால் இரட்டைப்பிறவி, ஆவி, இரண்டில் ஒன்று என்கிற மருந்து நாற்பது வருஷமாக மாறவில்லை. 2015-ல் வந்த 'டிமான்ட்டி காலனி'யின் இரண்டாம் பாகம் 2024-ல் வந்தபோது அருள்நிதிக்கும் ஒரு இரட்டைச் சகோதரர் வந்து சேர்ந்தார். தமிழ்ச் சினிமாவில் ஒற்றைப் பிரசவம் அபூர்வம் போலும்.

கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஜாதியும் ஒன்று உண்டு. 'கலகலப்பு 2', 'திருட்டுப்பயலே 2', மூளையை மாற்றிவைக்கும் 'பிச்சைக்காரன் 2' எல்லாம் அந்த வகை. இவர்கள் திருவள்ளூர் பக்கம் வந்து ஒரு கார் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். 1998-லிருந்து அங்கே மிட்சுபிஷி லான்சர் தயாரானது. லான்சரின் காலம் முடிந்தது, ஆலை கைமாறியது, இப்போது சிட்ரோயன் சி3 வருகிறது. ஷெட் பழையது என்பதற்காக யாரும் அந்தக் காருக்கு 'லான்சர் 2' என்று பெயர் வைக்கவில்லை. அந்த நேர்மை சினிமாவுக்கு வராது.

'பொன்னியின் செல்வன் 2', 'விடுதலை 2' ஏன் உன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்பார்கள். அவை இரண்டாம் பாகமே அல்ல, இடைவேளை நீண்டுவிட்ட ஒரே படங்கள். நாற்பதடிக் கம்பி லாரியில் அடங்கவில்லை என்றால் இரண்டாக மடித்து ஏற்றுவார்கள்; அதற்காக அது இரண்டு கம்பி ஆகிவிடாது. மணிரத்னம் கல்கியின் ஐந்து பாகத்தை இரண்டில் அடக்கினார் என்பதற்கு வேறு பரிசு கொடுக்கலாம். விக்ரமின் 'வீர தீர சூரன்' இன்னும் வினோதம்: 2025-ல் இரண்டாம் பாகத்தை முதலில் வெளியிட்டார்கள், முதல் பாகம் அப்புறம் என்றார்கள். அளவுகோலே குழம்பிப்போய் நிற்கிறது.

கனமான ஆட்சேபம் ஒன்று பாக்கி. ஜனங்கள் அதே ருசியைத்தான் கேட்கிறார்கள், அதையே கொடுத்தால் என்ன தப்பு? தப்பே இல்லை. சுந்தர் சி-யின் 'அரண்மனை' 2014-லிருந்து நான்கு முறை வந்துவிட்டது. வீடு மாறுகிறது, பேய் மாறுகிறது, கிளைமாக்ஸ் பூஜை மாறுவதில்லை. அவரும் மாறியதாகச் சொல்லவில்லை. பூசியதைப் பூசியது என்றே விற்கும் வியாபாரியிடம் சண்டைக்குப் போகமுடியாது. 'சிங்கம்' கொஞ்சம் சிக்கல். இரண்டாம் பாகத்தில் துரைசிங்கம் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. அதிகாரியாக ஒளிந்திருக்கும் பகுதி நிஜமாகவே உருக்கு. கத்தத் தெரிந்தவரைக் கத்தாமல் உட்காரவைத்ததற்காக இயக்குநர் ஹரிக்கு ஒரு வணக்கம். மூன்றாம் பாகத்தில் துரைசிங்கத்தை ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடிக்காரர் சாலை வழியாகப் போயிருந்தால் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும், சும்மாவும் போயிருக்கமாட்டார். எதிர்த்திசையில் செம்மரத்தோடு புஷ்பா வந்து அந்தச் சாவடியில் இருவரும் முட்டியிருந்தால், இந்தியாவின் தலைசிறந்த இரண்டாம் பாகம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே முடிந்திருக்கும். கோட்டை விட்டார்கள்.

ருசி அதேதான் வேண்டும் என்கிறவர்கள், அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. 'வேலையில்லா பட்டதாரி'யின் சூடு வேலை இல்லாததில் இருந்தது. வருடக்கணக்காகக் காண்ட்ராக்டில் கிடக்கும் டிப்ளமோ பையனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017-ல் இரண்டாம் பாகத்தில் நாயகன் ரகுவரனுக்கு வேலையும் இருக்கிறது, சிறந்த என்ஜினியர் விருதும் வருகிறது. உலையை அணைத்துவிட்டுக் கம்பி எங்கே என்று கேட்டால் எப்படி? 'இந்தியன் 2' இதற்கும் கீழே. 1996-ல் சேனாபதி பெற்ற மகனையே கொன்றார். அந்தக் கொலைதான் அந்தப் படத்தின் இரும்பு. 2024-ல், சுதந்திரப் போராட்டத்தில் இருந்த அந்த மனிதர் நூறைத் தாண்டிய வயதில் திரும்பி வந்து வர்மக்கலையில் வரிசையாக ஆட்களைத் தீர்க்கிறார், ஆனால் எதையும் இழப்பதில்லை. படம் முடிந்ததும் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் போட்டார்கள். தமிழ்ப் பட்டியலில் கடைசி இடம் இதற்கு.

இரண்டாம் இடம் 'காஞ்சனா'வுக்கு. பேயைக் கண்டால் நடுங்கும் நாயகன் என்ற 'முனி'யின் ஒற்றை நகைச்சுவையை 2011-ல் லாரன்ஸ் உலையில் போட்டு, திருநங்கை ஒருவரின் கோபமாக வார்த்தார். கேலியும் அதில் கலந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு, ஆனாலும் சரத்குமார் வந்தபிறகு தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. முதலிடத்தில் 2023-ன் 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்'. ரவுடியைப் படமெடுக்கப் போகிறவன் என்ற பழைய முடிச்சைத் தவிர வேறெதையும் கார்த்திக் சுப்பராஜ் மிச்சம் வைக்கவில்லை. 2014-ல் பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த சேது இல்லை, அந்தக் காலம் இல்லை. 1975-க்குப் போய், ரேயின் சிஷ்யன் என்று பொய் சொல்லிக்கொண்டு கொலைசெய்ய வரும் எஸ்.ஜே. சூர்யாவின் கையில் கேமராவைக் கொடுத்து, அந்தப் பொய்யையே கடைசியில் காட்டுவாசிகளின் சாட்சியமாக்கினார். பொய்யாகப் பெயரைச் சொன்னாலும் ரேயிடம் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் இடம் இப்போதைக்குக் காலி. 'ஆள் தேவை' என்று ஆலை வாசலில் போர்டு மாட்டியாகிவிட்டது.

அந்த இடத்துக்கு வரக்கூடிய ஒரே படம் வெற்றிமாறனின் 'வடசென்னை'யின் தொடர்ச்சி. அதை எதிர்பார்க்க இந்த மாவட்டத்துக்கு உரிமை உண்டு. அதே பெயர் கொண்ட வடசென்னை அனல்மின் நிலையம் பொன்னேரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் இருக்கிறது. அதன் முதல் பாகம் 630 மெகாவாட், இரண்டாம் பாகம் 1,200 மெகாவாட்; 800 மெகாவாட் மூன்றாம் பாகத்தை 2024 மார்ச்சில் தொடங்கிவைத்தார்கள். படம் 2018 அக்டோபரில், அதில் வரும் சந்திராவின் பழிக்கணக்கு தீராமலே, அடுத்த பாகம் உண்டு என்று சொல்லி முடிந்தது. மின்வாரியம் மூன்று பாகம் முடித்துவிட்டது. கோடம்பாக்கம் இன்னும் ஒன்றிலேயே நிற்கிறது.