சீட்டு விழலை, மச்சி!

கருத்து கந்தசாமிகள் பல ரகம். சோபாவில் சாய்ந்தபடி இந்திய அணிக்கு ஃபீல்டிங் செட் செய்பவர் ஒரு ரகம். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போதே படத்தின் க்ளைமாக்ஸைத் திருத்தி எழுதுபவர் இன்னொரு ரகம். இவர்களையெல்லாம் தமிழ்நாடு நன்றாக அறியும். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கும் அறையில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு புது ரகம் கிளம்பியிருக்கிறது. இவர் ஸ்லே த ஸ்பயர் விளையாடுகிறார். விளையாடுகிறார் என்பதைவிடத் தோற்கிறார் என்பது சரி. தோற்கிறார் என்பதைவிட, தோற்றதற்குக் காரணம் சொல்கிறார் என்பது இன்னும் சரி.

கேமைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் சியாட்டிலில் ஆந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவர் மெகா கிரிட் என்ற சின்ன நிறுவனத்தை ஆரம்பித்துச் செய்த கேம் இது. 2017 நவம்பரில் முழுதாக முடிக்காமலே விற்பனைக்கு விட்டு, வாங்கியவர்கள் விளையாட விளையாடத் திருத்தி, 2019 ஜனவரியில் முழுசாக வெளியிட்டார்கள். கதை ரொம்பச் சுலபம். ஒரு கோபுரம், அடியில் நுழைந்து உச்சிக்கு ஏற வேண்டும். வழி நெடுக அரக்கர்கள். அவர்களை அடிக்க பட்டனைத் தட்டினால் ஆகாது, சீட்டுப் போட வேண்டும். அடிக்கும் கார்டு போட்டால் எதிரிக்கு 6 அடி விழும். தடுக்கும் கார்டு போட்டால் நமக்கு விழும் அடியில் 5 குறையும். ஒரு சுற்றுக்கு ஐந்து கார்டு கைக்கு வரும், செலவு செய்ய மூன்று எனர்ஜி. செத்தால், வழியில் சேர்த்த அத்தனையும் போய் மறுபடி அடிவாரம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த கேம் எதையும் ஒளிப்பதில்லை. எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான், எத்தனை அடி அடிக்கப் போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். சீட்டுக்கட்டில் மிச்சம் என்னென்ன கார்டு இருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வரிசை மட்டும் தெரியாது. எந்த வழியில் போனால் கடை, எந்த வழியில் போனால் எலீட் என்கிற முரட்டு எதிரி என்று வரைபடமும் கையில் இருக்கிறது. கிராமசபைக் கூட்டம்கூட இவ்வளவு பகிரங்கமாக நடப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்திலும் நம் கந்தசாமி ஒரு சதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

"சீட்டு விழலை, மச்சி."

இதுதான் அவருடைய மூலமந்திரம். விழாத சீட்டு எங்கே போனது என்று பார்த்தால் அங்கே ஒரு சின்ன உண்மை தூங்குகிறது. ஒவ்வொரு சண்டையில் ஜெயித்ததும் கேம் மூன்று கார்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்கிறது. வேண்டாம் என்றும் சொல்லலாம். நன்றாக விளையாடுகிறவர்கள் பல முறை வேண்டாம் என்கிறார்கள். கட்டு ஒல்லியாக இருந்தால்தானே நல்ல கார்டு அடிக்கடி கைக்கு வரும்? கந்தசாமியிடம் இதைச் சொன்னால், "சும்மா குடுக்கிறதை எவனாவது வேணாம்னு சொல்வானா?" என்று கேட்பார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையையே இரண்டாக வாங்கி வருகிறவரிடம் இதற்கு என்ன பதில் சொல்வது? பாதிக் கோபுரம் ஏறுவதற்குள் அவர் கட்டு நாற்பது கார்டைத் தாண்டிவிடும். அந்த நாற்பதுக்கு அடியில் எங்கோ அவருடைய ஒரே நல்ல கார்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

கடையில் இன்னொரு வசதி உண்டு. 75 தங்கம் கொடுத்தால் கட்டிலிருந்து வேண்டாத கார்டு ஒன்றை நிரந்தரமாகத் தூக்கிப் போடலாம். அடுத்த முறை விலை 25 ஏறும். ஏறியும் அதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் வாங்குகிறார்கள். கந்தசாமிக்கு இது பிறவிக் கொள்கைக்கே விரோதம். "காசு குடுத்துப் பொருள் வாங்குவாங்க. காசு குடுத்துக் கையில இருக்கிறதைத் தூக்கிப் போடுவாங்களா? கேனையனா நானு?" என்று சொல்லிவிட்டு, அதே 75-க்கு நாற்பத்தோராவது கார்டை வாங்குவார்.

இனி அவரை நேரில் பார்ப்போம். முதல் கட்டம், எதிரே கிரெம்லின் நாப் என்ற எலீட். கொம்பும் தொப்பையுமாக நிற்கும் இவன்தான் ஆரம்பக்காரர்களுக்கு வில்லன். முதல் சுற்றில் அடிக்க மாட்டான், ஒரு கூச்சல் போடுவான். அந்தக் கூச்சலுக்குப் பிறகு அவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். அடி அல்லாத ஸ்கில் கார்டை நீங்கள் போடும்போதெல்லாம் அவன் பலம் 2 ஏறும். தடுக்கும் கார்டும் ஸ்கில்தான். இதுவும் ஒளிவுமறைவில்லாமல் அவன் காலடியில் அடையாளமாக நிற்கிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கமே வரும்.

இரண்டாம் சுற்று. நாப்பின் தலைக்கு மேல் 14. கந்தசாமி ஒரு தடுப்புக் கார்டைப் போடுகிறார். தலைக்கு மேலிருந்த எண் 16 ஆகிறது. அதை அவர் பார்க்கவில்லை. இன்னொரு தடுப்பு. 18. மிச்ச எனர்ஜிக்கு ஒரு அடி. தடுத்தது 10, வாங்கியது 8. "பரவால்ல, சமாளிச்சாச்சு" என்கிறார். அடுத்த சுற்றில் கொஞ்சம் உஷாராகிவிடுகிறார். உஷாராகி மூன்று எனர்ஜிக்கும் மூன்று தடுப்பு போடுகிறார். எண் 24.

"பார்த்தியா, பார்த்தியா! இருபத்துநாலு அடிக்கிறான்! முதல் கட்டத்துலயே இருபத்துநாலு! இதெல்லாம் ஒரு கேமா?"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அறை நண்பர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுல பத்து நீ குடுத்தது" என்கிறார்.

கணக்குப் பார்த்தால் அதுதான். ஐந்து அடியைத் தடுப்பதற்காக வாங்கிய ஒவ்வொரு கைமாற்றுக்கும், சண்டை முடியும்வரை ஒவ்வொரு அடியிலும் இரண்டு வட்டி கட்ட வேண்டும். கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் இந்த ரேட் சொல்வார். நாப்புக்கு உயிர் 82-லிருந்து 86-க்குள். தடுக்காமல் விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் சாய்ந்துவிடுவான். ஆனால் கந்தசாமி ஜாக்கிரதையான ஆள். சாகும்வரை ஜாக்கிரதையாகவே இருந்தார்.

திரை இருண்டதும் தீர்ப்பு வருகிறது. "பேலன்ஸே இல்லாம செஞ்சு வச்சிருக்கானுங்க. டெவலப்பர் ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்திருப்பானா?"

அதிர்ஷ்டமே இந்த கேமில் கிடையாது என்று சொன்னால் அது பொய். எந்த மூன்று கார்டு காட்டப்படும், எந்த வரிசையில் கைக்கு வரும், ரெலிக் என்கிற மாயப் பொருள்களில் எது கிடைக்கும் என்பதெல்லாம் குலுக்கல்தான். எவ்வளவு கெட்டிக்காரரும் சில நாள் நியாயமாகவே தோற்பார். கந்தசாமிக்கு மட்டும் அதிர்ஷ்டம் ஒருவழிப் பாதை. தோற்கும்போது மட்டும்தான் அது வரும். உதாரணத்துக்கு ஸ்நெக்கோ ஐ என்று ஒரு ரெலிக். வைத்துக்கொண்டால் சுற்றுக்கு இரண்டு கார்டு கூடுதலாகக் கைக்கு வரும். பதிலுக்கு, வருகிற கார்டின் எனர்ஜி விலை பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் எதுவாக வேண்டுமானாலும் மாறும். இதை வைத்து ஒரு நாள் கட்டத்தின் கடைசி எதிரியான பாஸை அடித்துச் சாய்த்தபோது கந்தசாமி சொன்னது: "எல்லாம் கணக்கு மச்சி. விலை உயர்ந்த கார்டா சேர்த்தேன், ஆவரேஜ் நம்ம பக்கம் வரும். புராபபிலிட்டி தெரியணும்." மறுநாள் அதே ரெலிக்கோடு மண்ணைக் கவ்வியபோது சொன்னது: "சூது. சுத்தமான சூது. லாட்டரியைத் தடை பண்ணாங்க, இதை விட்டுட்டாங்க."

தன் தோல்வியைவிட அவருக்குக் கடினமானது அடுத்தவர் வெற்றி. கேமில் நான்கு பாத்திரங்கள். அயர்ன்கிளாடை வைத்து நீங்கள் ஜெயித்தால், "அவனுக்கு ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் உயிர் ஆறு ஏறுது, குழந்தைகூட ஜெயிக்கும்." சைலன்ட்டை வைத்து ஜெயித்தால், "விஷத்தை வச்சுட்டு ஒளிஞ்சு நின்னு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" டிஃபெக்ட்டை வைத்து ஜெயித்தால், "உருண்டைங்கதானே அடிச்சுது, நீ என்ன பண்ணே?" 2020-ல் புதிதாக வந்து சேர்ந்த வாட்சரை வைத்து ஜெயித்தால் அதற்கு வாயைத் திறந்து பதில்கூடச் சொல்ல மாட்டார். உதட்டைப் பிதுக்குவார். கோபநிலைக்குப் போனால் வாட்சர் அடிக்கும் அடி இரட்டிப்பாகும், வாங்கும் அடியும் இரட்டிப்பாகும். கந்தசாமியின் அனுபவத்தில் இரண்டாவது பாதி மட்டும்தான் வேலை செய்கிறது. அதனால் வாட்சர் எப்படி பலசாலி என்று அவருக்கு மனசார விளங்கியதில்லை. ஆனாலும் பலசாலி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

கேமில் ஒரு முறை ஜெயித்தவருக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. அடுத்த ஆட்டத்தை இன்னும் கஷ்டமாக ஆடலாம். அசென்ஷன் என்று அதற்கு இருபது படிகள். முதல் படியில் எலீட்டுகள் அதிகம். பத்தாவது படியில் தொடங்கும்போதே கட்டில் ஒரு சாபக் கார்டு செருகியிருக்கும், காசு கொடுத்தாலும் அதைத் தூக்கிப் போட முடியாது. இருபதாவது படியில் மூன்றாம் கட்டத்தின் முடிவில் ஒரு பாஸ் போதாது என்று இரண்டு பாஸ். கந்தசாமி எப்படியோ தட்டுத்தடுமாறி மூன்றாம் படியில் நிற்கிறார். அவர் கணக்கில் இரண்டாம் படிவரை இருப்பவர்களுக்கு விவரம் பத்தாது. நான்காம் படிக்கு மேல் இருப்பவர்களுக்கு வேலைவெட்டி கிடையாது.

இவரையும் மடக்க ஆள் உண்டு. அவர் மூத்த கந்தசாமி. "ஸ்பயரெல்லாம் நேத்து வந்தது தம்பி. 2014-லேயே ட்ரீம் குவெஸ்ட் வந்தாச்சு" என்று அவர் ஆரம்பிப்பார். பீட்டர் வேலன் என்பவர் செய்த கேம் அது, சீட்டு வைத்து நிலவறையில் சண்டை போடுவது. படங்கள் பள்ளிக்கூடப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியதுபோல இருக்கும். கஷ்டமோ இதைவிடக் கொடூரம். மூத்தவர் அதிலும் ஜெயித்ததில்லை, ஆனால் முன்னாடியே தோற்றவர். அதற்குள் மூன்றாவது ஆள் வந்து, சீட்டுக்கட்டைக் கட்டிக்கொண்டே விளையாடுவது 2008-ல் டொமினியன் என்ற டேபிள் விளையாட்டில் வந்த வித்தை என்பார். நாலாவது ஆள், செத்தால் முதலிலிருந்து என்ற வழக்கம் 1980-ல் வந்த ரோக் கேமின் சொத்து என்பார். இன்னும் கொஞ்சம் விட்டால் இந்த வழக்கு சகுனியிடம் போய்த்தான் நிற்கும்.

கந்தசாமியை ஒரு முறை சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கிறது. அதையே கொடுத்து, அதே பாத்திரத்தை வைத்து ஆரம்பித்தால் அதே வரைபடம் வரும். தன்னை நாப் கொன்ற ஆட்டத்தின் குறியீட்டைக் கந்தசாமியே நீட்டினார். "இதை எவன் விளையாடினாலும் தோப்பான். முடிஞ்சா ஆடிக் காட்டு." அறை நண்பர் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எலீட் நிற்கும் கிளையை விட்டுவிட்டு இடதுபக்கம் திரும்பி, கடைக்குப் போய், 75 தங்கத்துக்கு ஒரு கார்டைத் தூக்கிப் போட்டு, நாப்பின் முகத்திலேயே முழிக்காமல் முதல் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"அப்ப நீ பயந்துட்டே" என்றார் கந்தசாமி. "நான் நேருக்கு நேர் நின்னேன்ல?"

கேமைச் செய்தவர்களுக்கு இந்த மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. விற்பனைக்கு விட்ட நாளிலிருந்து, விளையாடுபவர்கள் எந்தக் கார்டை எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் எவ்வளவு ஜெயிக்கிறார்கள் என்ற கணக்கைச் சேகரித்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கார்டுகளின் பலத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். 2019-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் ஜியோவனெட்டி பேசியதும் இதைப் பற்றித்தான். ரசிகர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கருத்து ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். வாய் 'உதவாத கார்டு' என்று திட்டும்போதே விரல் அதை எடுத்துக் கட்டில் சேர்த்திருக்கும். கந்தசாமி வாய் ஓயாமல் சொன்ன கருத்துகளைவிட, நாப்புக்கு முன்னால் அவர் வரிசையாகப் போட்ட ஐந்து தடுப்புக் கார்டுகள் இந்த மாதிரிக் கணக்குக்கு அதிகம் பயன்படும்.

இந்தக் கணக்கு கந்தசாமியின் கம்ப்யூட்டரிலேயும் இருக்கிறது. இதுவரை ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றையும், எந்த வழியில் போனார், எதை எடுத்தார், யார் கையால் செத்தார் என்று தேதியோடு கேம் பதிந்து வைக்கிறது. ஒரு நாள் அறை நண்பர் பொறுக்கமாட்டாமல் அதைத் திறந்து காட்டினார். வரிசையாக நாப், நாப், நாப், நடுவில் ஒரு மாறுதலுக்கு வேறு யாரோ, மறுபடி நாப். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊதிப்போன கட்டு. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்க்ரோல் மட்டும் செய்தார்.

கந்தசாமி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இதை ஸ்க்ரீன்ஷாட் எடு மச்சி. எத்தனை தடவை பாரு! பேலன்ஸ் இல்லைன்னு நான் சொன்னா நம்ப மாட்டேன்னியே, இப்ப கேமே ஒத்துக்கிச்சா?"