சாமி குத்தமா, செல் குத்தமா?

கே: நாமக்கல் ஆஞ்சநேயரை அண்ணாந்து கும்பிட்டு வந்ததிலிருந்து கழுத்து வலி. சாமி குத்தம் ஏதாவது இருக்குமோ?
*வாசகர், ராசிபுரம்*

ப: கூரையில்லாமல் நிற்கும் அந்த 18 அடிக்காரரை நிமிர்ந்து பார்த்தது அரை நிமிஷம். வரிசை நகரும்வரை குனிந்து பார்த்தது உள்ளங்கைச் செல்போனை. பழி மட்டும் அனுமாருக்கா?

தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்புக்கு அதுவே 27 கிலோ என்று 2014-இல் நியூயார்க் டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்குப் போட்டார். மலையைத் தூக்கியவர்கூட கையில்தானே தூக்கினார்!

வலி தோளைத் தாண்டி இறங்கி, விரல்கள் மரத்துப்போனால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். கட்டிங் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறேன் என்பார்கள். முடியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.