மிக்சர் தட்டு

மே 1, கிராம சபை. நடுநாற்காலி ஊராட்சித் தலைவியின் கணவருக்கு. 2016-ல் சட்டம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் கொடுத்தது. அதையும் மீதி 50-ஐயும் சேர்த்து அவரே பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார். மனைவியின் கையெழுத்து மட்டும் அவருக்கு வரவில்லையாம், பாவம்.

காலனிக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்றபடி பங்கேற்கிறார்கள். பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025-ல் அரசு அறிவித்தது. வேப்பமரத்துக்குத் தகவல் வரவில்லை போலும்.

தெருவிளக்கு கேட்டால், “போன தடவையே தீர்மானம் போட்டாச்சேப்பா!” போட்டாச்சுதான், அதற்கு முந்தின தடவையும்.

கூலி வேலைக்குப் போன பெண்களின் கையெழுத்தும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. உழைப்பாளர் தினமாயிற்றே, அந்த மரியாதைகூட இல்லையென்றால் எப்படி?

முன்வரிசையில் மிக்சர் தட்டு சுற்றுகிறது. வேப்பமரம் வரை அது வந்ததில்லை.