நிதானத்துக்கு நேரம் குறித்தவர்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் கிளம்பி, ஞாயிறு பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற ஓர் இனம் இப்போது எங்கள் மத்தூர்ப் பக்கம் தட்டுப்படுகிறது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அவர்களுக்குச் சலித்துவிட்டதாம். ஊரோடு ஊராக, அவசரமில்லாமல் இருக்க வேண்டுமாம். அதற்கு அரைமணிக்கு ஒன்றாக அட்டவணை போட்டு, செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு வருவார்கள்.

போன சித்திரையில் எங்கள் மாடியில் தங்கியவர் டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி: “மத்தூர் வடை இருக்கா?”

“அந்த மத்தூர் மாண்டியா பக்கம் சார். இங்க பருப்பு வடைதான்.”

1917-இல் ரயில் நிலையத்தில் பிறந்த வடை அது என்பதுவரை படித்து வந்திருந்தார். ஊரைத்தான் படிக்கவில்லை. பருப்பு வடையைப் படமெடுத்துக்கொண்டார். ‘மத்தூரில் வடை’ என்று போட்டால் பொய் ஆகாதே!

மத்தியானம் ஆயா கேழ்வரகுக் களி கிளறி, உருண்டை பிடித்து, கீரைக் குழம்பு ஊற்றி வைத்தது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரோம் நகரில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்ததை எதிர்த்து 1986-இல் இத்தாலிக்காரர்கள் நிதான உணவு இயக்கம் தொடங்கிய கதையை ஆயாவுக்குச் சொல்லிக்கொண்டே மென்றார். ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை என்று கணக்கு.

“மெல்லாத கண்ணு, முழுங்கு” என்றது ஆயா.

களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, பல்லில் படாமல் உள்ளே தள்ள வேண்டும். மென்றால் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பதினைந்தாவது மெல்லலில் வாய் பூட்டிக்கொண்டது. ரோம் பாதியிலேயே நின்றது. பக்கத்தில் போச்சம்பள்ளி ஸ்கூட்டர் கம்பெனிக்கு இரண்டாம் ஷிப்டு போகும் என் தம்பி மகன், வேன் ஹாரன் அடிப்பதற்குள் இரண்டு உருண்டையை முடித்துக் கையும் கழுவிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. கட்டியங்காரன் இன்னும் ஊர்க்காரர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், “துரியோதனன் எத்தனை மணிக்கு வருவார்?” என்றார்.

“அவசரமா உங்களுக்கு?”

அவருக்குப் பதினோரு மணிக்குத் தூக்கம் என்று அட்டவணையில் இருந்தது. மறுநாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துப் படுத்துக்கிடக்க, பீமன் வந்து தொடையில் அடிக்க வேண்டும். அதைப் பார்க்க பக்கத்து ஊர்களெல்லாம் கூடியிருந்தபோது, இவர் கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவலுக்குப் போய்விட்டார். அதுவும் அட்டவணைதான். மீன் நன்றாக இருந்ததாம், நல்லவேளை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய மாங்காய் வாங்கினார். அந்த ரகத்துக்குப் பெயர் பெங்களூரா.

“மறுபடி எப்போ கண்ணு வருவ?” என்றது ஆயா.

செல்போனைத் தள்ளிப் பார்த்தார். “அக்டோபர் ரெண்டாவது வாரம் நிதானமா இருக்கலாம்னு போட்டிருக்கேன் ஆயா.”

“அப்போ மாங்கா இருக்காதே.”

அதையும் குறித்துக்கொண்டார்.